கண்ணாடி வழியாக வந்த மாப்பிள்ளை

போன வருஷம் குறுவை அறுப்பு முடிந்து, தாளடி நடவுக்கு வயலை உழுதுகொண்டிருந்த சமயம். வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அவருடைய அப்பா, அம்மா, தம்பி மட்டும் வந்திருந்தார்கள்.

தம்பி தடியான கருப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. நான் காபி கொடுத்தபோது என் முகத்தையே நேராகப் பார்த்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணனுக்குப் பெண் பார்க்க வந்தவர் இப்படியா பார்ப்பார்?

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே என் அண்ணி இருந்தார். புழுக்கம் தாங்காமல் என் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுருக்கி, "கேசரியில நெய் தூக்கலா இருக்கே" என்று சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பினால், தம்பி கை கழுவக் குழாயடிக்கு வந்து நிற்கிறார்! லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. சில நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். மரியாதையாக, நிதானமாகப் பேசினார். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. பேச்சுக்கு நடுவே, "எங்க அம்மா மாதிரியே மூக்கைச் சுருக்கினீங்களே, ரெண்டு மூணு தடவை போட்டுப் பார்த்துச் சிரிச்சேங்க" என்றார்.

போட்டுப் பார்த்தாரா? எனக்குப் புரியவே இல்லை. தம்பி கையில் போன்கூட இல்லையே!

"தம்பி கண்ணாடியிலதாங்க கேமரா இருக்கு. நான் வர முடியலைன்னு எடுத்து அனுப்பினான். உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன்" என்றார். உண்மையாகவே பதறிப்போனது போலத்தான் இருந்தது.

"வேற யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"ரூம்ல கூட இருக்கிறவங்க ரெண்டு பேர்... நல்ல பொண்ணுன்னுதாங்க சொன்னாங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கணுக்காலுக்கு மேல் ஏற்றிய புடவையும் வேர்த்த முகமுமாக நான் நின்றதை, பெயர்கூடத் தெரியாத ஆண்கள் பார்த்திருக்கிறார்கள். அழித்துவிடுகிறேன் என்றார். மன்னிப்பும் கேட்டார். அழித்தாரா, தம்பியின் போனில் இன்னும் இருக்கிறதா, நான் எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் சொன்னபோது அப்பா, "போட்டோ குடுத்தோமே, அதையும்தானே நாலு பேர் பார்த்திருப்பாங்க?" என்றார். அண்ணிக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. "நான் நைட்டியோட நின்னேனே, என்னை யாரு கேட்டா?" என்றார். அது வரை அண்ணியும் அதில் இருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் குழம்பித் தவித்தேன். வீடியோ காலில் பேசலாமா என்று அவர் கேட்டிருந்தால், சந்தோஷமாகத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடித்துக் காட்டச் சொல்லியிருந்தால், அதையும் ஒருவேளை செய்திருப்பேன். பிறகு எதற்கு இவ்வளவு கோபம்? கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஒரு நல்ல மனிதரைத்தான் தட்டிக்கழித்துவிட்டேனோ என்று இன்றும் சில நேரம் தோன்றும். ஆனாலும் அவர் என்னை ஆசை தீரப் பார்த்துச் சிரித்த நேரத்தில், அவர் இருப்பதே தெரியாமல் நான் நின்றிருந்தேன் என்று நினைத்தால், என் மனசு இப்போதும் சமாதானம் ஆக மறுக்கிறது.