சகலை கொண்டுவந்த சாக்கே

என் சகலை கப்பலில் சமையற்காரர். வருஷத்துக்கு ஒருமுறை நகரியில் எங்கள் மாமனார் வீட்டுக்கு வருவார். வந்தால் போதும், எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிடும்.

நான் மூத்த மாப்பிள்ளை. சித்தூரில் குமாஸ்தா, தினம் பேப்பர் படிக்கிறவன். ஆந்திரா தனி மாநிலமாகி எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம் அது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே, "நம்ம நகரி எந்தப் பக்கம் போவும் மாப்ளே?" என்று மாமனார் கேட்பார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனாலும் ஏதாவது சொல்வேன். அதை அவர் அப்படியே நம்பித் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையே அந்த ஒரு கேள்விதான்.

அன்று அவர் கேட்கவில்லை. சகலை ஜப்பானிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். சாக்கே என்று பெயராம்; அரிசியில் செய்த மது. மதுவிலக்குக் காலம் என்பதால் கதவைச் சாத்திவிட்டு மூன்று டம்ளரில் ஊற்றினார். தேன் நிறம். முதல் டம்ளர் மூத்தவனான எனக்குத்தான் வந்தது. அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நேரே தொண்டையில் இறங்கி, பாதியிலேயே புரையேறியது.

"இன்னா இது, புளிச்ச கஞ்சியாட்டம்," என்றேன். உள்ளுக்குள் பரம சந்தோஷம்.

"தூக்கிக் குடிச்சா ருசி தெரியாதுண்ணா. ஒதட்டுல வெச்சுக் கொஞ்சங் கொஞ்சமா குடிங்க," என்றார் சகலை.

அடுத்த வீட்டில் தண்ணீர்கூடத் தூக்கிக் குடிக்கிற மாமனார், டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வெல்லம் காச்சற வாசன வருதுபா!"

மிச்சமிருந்ததை நானும் உதட்டில் வைத்தேன். வெல்லப்பாகு, கனிந்த வாழைப்பழம், சூடாக வடித்த சோறு என்று எல்லா மணமும் ஒன்றாக வந்தது. விழுங்கிய பிறகும் தித்திப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. இவ்வளவு நன்றாக இருந்து தொலைக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

மாமனார் இன்னொரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சகலை பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நாலு தேசம் பாத்தவரு நீங்க. நம்ம நகரி எந்தப் பக்கம் போவும், சொல்லுங்க மாப்ளே."



சகலை சிரித்தார். "எனுக்கு இன்னா மாமா தெரியும்?"

அப்போதுதான் மாமனார் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா மாப்ளே, தெரியாதத தெரியாதுன்னு எப்டி சொல்றாரு!"