கரைவெட்டி ஏரியில் வரித்தலை வாத்துகள்

பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் அரியலூர் கரி பஸ் பழுதாகி நிற்கிறது. மாசிக் காலையில் கரைவெட்டி ஏரிக்கரையில் நடக்கிறேன். சரிவெங்கும் தும்பையும் நெருஞ்சியும் பூத்திருக்கின்றன. தண்ணீரில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக மிதக்கின்றன. அவற்றை அருகில் காண இறங்கும்போது, கரையடி நெல் வயலில் பறவைகளைத் தட்டி விரட்டத் தகர டப்பாவுடன் காவலிருக்கும் பெண் குரல் கொடுக்கிறாள்.

“சார், கிட்டப் போவாதீங்க! மெரண்டு எந்திரிச்சா நேரா எங்க வயல்லதான் எறங்கும். நாளைக்கு அறுப்புங்க.”

நான் வேடிக்கை பார்ப்பதற்காக ஒரு குடும்பத்தின் உழைப்பு அழியலாம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. நின்ற இடத்திலேயே அமர்கிறேன்.

“பூவ எவ்வளவு நேரம் வேணா பாருங்க. அது வந்து கதிரத் திங்காது” என்று சிரிக்கிறாள்.

நோட்டில் நெருஞ்சியின் ஐந்து மஞ்சள் இதழ்களை வரைகிறேன். வாத்துகள் தண்ணீரிலேயே இருக்கின்றன. டப்பா அவள் மடியில் ஒலியின்றிக் கிடக்கிறது.