குறிசுட்ட எழுத்தால் திறந்த லாப்டொப்

மாட்டு மயிர் கருகும் மணம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வறட்டி நெருப்பில் சிவந்த இரும்பு கன்றின் தொடையில் பட்டதும் சுர் என்று ஒரு சத்தம். பிறகு அந்த மணம்... தோய்த்துக் காயப்போட்டாலும் இரண்டு நாள் சேலையில் நிற்கும்.

கண்டாவளையில் எங்கள் பட்டியில் அறுபது மாடு இருந்த காலம் அது. மேயக் காட்டுக்குள் போகிற மாடு எவருடையது என்று ஊர் அறிவது தொடையில் சுட்ட குறியைப் பார்த்துத்தான். என் மனுசன் கன்றை மடக்கிப் பிடிப்பார். இரும்பு வைப்பது நான். அவருக்குக் கை நடுங்கும். அவர் இருக்கும்வரை இதை வெளியில் சொன்னதில்லை.

எங்கள் குறி மூன்று இங்கிலீஷ் எழுத்தும் ஓர் இலக்கமும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரும்பு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தின் பெயர் தெரியாது. உருவம் தெரியும். ஒன்று கவட்டைத் தடி. அடுத்தது தூணும் அதன் மேல் குறுக்கே கிடக்கும் கூரை வளையும். மூன்றாவது அரிவாள். கடைசியில் நாலு.

சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மிஞ்சியது ஒரு பசு. அதையும் மனுசனின் ஒன்றுவிட்ட தமையன் தன்னுடையது என்றார். மயிர் வளர்ந்து மூடிய தொடையைக் கையால் தடவி, தழும்பை ஊருக்குக் காட்டி மீட்டேன். பிறகு அந்தத் தமையனுடைய செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

சரி, லாப்டொப் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் மகள் வழிப் பேத்தி துசி கம்பசில் கடைசி வருடம். அவளுடைய ஆய்வு முழுவதும் வெளிநாட்டிலிருந்து என் மகன் கொண்டுவந்து கொடுத்த லாப்டொப்புக்குள். பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த வருடம் வீண். இவ்வளவு நாளும் மூடியைத் திறந்தால் தானாகத் திறந்த பெட்டி, அன்று காலை பாஸ்வேர்ட் கேட்டது. கீழே மகன் எழுதி வைத்த ஒரு வரி: அம்மாவின் மாடு. மறந்தால் நினைவு வருவதற்காம். மறந்தவன் அவன்தான்.

மகனுக்குப் போன் எடுத்தோம்.

"ஏதோ மாட்டின்ர பேர்தான் அம்மா. லட்சுமி எண்டு அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

லட்சுமி, செவலை, நந்தினி... துசி அடிக்காத பெயர் இல்லை. ஒன்றுக்கும் திறக்கவில்லை. பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய், கம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் கொடுத்தோம்.

"திறக்கலாம் தங்கச்சி. ஆனா உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும்" என்றார் கடைக்காரர்.

"வேற வழி இல்லையோ அண்ணா?"

"பாஸ்வேர்ட் தெரிஞ்சால் ஏன் என்னட்ட வாறியள்?"

துசி நேரத்தைப் பார்த்தாள். நான் கிட்டப் போய், "தம்பி, அந்த வரியை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றேன்.

"ஆச்சி, நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ. இது உங்களுக்கு விளங்காது."

நான் இருக்கவில்லை. நின்றபடி யோசித்தேன். பட்டி மாட்டுக்கு எவர் பெயர் வைக்கிறார்? பெயர் வீட்டில் கட்டிப் பால் கறக்கிற ஒன்றுக்கு. அறுபது மாட்டின் பின்னால் ஓடி வளர்ந்தவன், அம்மாவின் மாடு என்று எதைக் கண்டு அறிவான்?

"பிள்ளை, பேரை விடு. எங்கட குறியை அடி."

"எனக்கு எங்க அம்மம்மா அது தெரியும்?"

பாவம், அவளுக்கு அறிவு தெரியமுன்னரே பட்டி போய்விட்டது. கடைக் கண்ணாடி மேசையில் நல்ல தூசி. விரலால் கீறினேன். கவட்டை. தூணும் வளையும். அரிவாள். நாலு.

"மூண்டாவது மாதிரி ஒரு எழுத்து இங்கிலீசிலயே இல்லை அம்மம்மா."

"ஆச்சி புதுசாக் கண்டுபிடிச்சிட்டா" என்று கடைக்காரர் சிரித்தார்.

கண்ணை மூடினேன். கைக்கு நினைவில் இருந்தது இரும்பு. இரும்பில் எழுத்து மறுபக்கம் பார்த்திருக்கும், தோலில் பட்டால்தான் நேராகும். மற்ற இரண்டு எழுத்தும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான், நாலு எனக்குத் தெரிந்த இலக்கம், அரிவாள் அப்படியில்லை. அதை அழித்து வாயைத் திருப்பி வைத்தேன்.

துசி அடித்தாள். திறக்கவில்லை.

"நான் கீறின மாதிரியோ அடிச்சனி?"

"சின்ன எழுத்தில அடிச்சனான்."

"சின்னன் பெரிசு எனக்குத் தெரியாது. கீறின மாதிரியே அடி."

திறந்தது.

துசி திரும்பி, தூசி படிந்த என் விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்தே ஆய்வை அனுப்பினாள், நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்க. கடைக்காரர் கதிரையைத் தானே தூக்கி வந்து போட்டார்.

"இருங்கோ ஆச்சி."

"நான் நிண்டே பழகினனான் தம்பி."

இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறேன். கண்டால் சிரிப்பார். நான் வீதியைப் பார்ப்பேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பசு. காதில் மஞ்சள் பிளாஸ்டிக் தகடு. இரும்பும் இல்லை, மணமும் இல்லை. கன்றுக்கு நோகாது, நல்லதுதான்... ஆனாலும் அந்தத் தொடையைத் தடவினால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது.

துசி இப்போது வவுனியாவில் உத்தியோகம். இதை எழுதி முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அம்மம்மா, பாஸ்வேர்ட்டை ஊருக்கே சொல்லப் போறியள். இனி மாத்தவேணும்."

அறுபது தொடையில் எழுதி, ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று திரியவிட்ட எழுத்து அது. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் மாடு எங்களுடையதாய் இருந்தது. இப்போது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால்தான் ஒரு பொருள் நம்முடையதாம்.

மாற்றிவிட்டாள். தான் மறந்துபோனாலும் இருக்கட்டும் என்று புதியதை என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். மகன் நேற்றுக் கேட்டான். நான் சொல்லவில்லை.