கலீமுல்லாவின் ஊசியும் ஒரு கரண்டி ஜம்ஜமும்

ஆம்பூரில் கலீமுல்லாவை யாரும் வைத்தியர் என்று சொன்னதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலுக்கு மயிர் வழிக்கும் ஆள் அவர். பக்கத்துப் பலகையில் நின்று வழித்தவன் நான். கல்கத்தாவில் சீனர்களின் தோல் ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு 1927இல் ஊர் திரும்பினார். சம்பாதித்துக் கொண்டுவந்தது ஒரு தகர டப்பி நிறைய மெல்லிய ஊசிகள். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஊசி குத்தும் வைத்தியத்தை அங்கே ஒரு கிழச் சீனரிடம் கற்றிருந்தார்.

"இன்னா பாய், செருப்பு தைக்கப் போறீங்களா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவார்.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய தோஸ்த் ரஷீத் அஹமதுவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. அதைவிட மோசம், அவரால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றினால் மூச்சில் ஏறி முகம் நீலமாகிவிடும். பாதி வெளியே வழிய, பாதி உள்ளே போன கூழில்தான் உயிர் ஓடியது. யுனானி மருந்து கொடுக்கும் ஹகீம் கைவிரித்துவிட்டார்.

கலீமுல்லா தினமும் வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ரஷீத் வீட்டுக்குப் போனார். பிடரியில் இரண்டு ஊசி, தாடைக்குக் கீழே ஒன்று. பதினாறாம் நாள் ரஷீத் ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழை இருமாமல் விழுங்கினார். ஊசிதான் காரணமா, உடம்பே தேறியதா, எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்ற ரஷீதின் மனைவி அக்தரி பேகம் அழுத சத்தம் தெருவரை கேட்டதாம்.

"பாபி, கெட்டியாத்தான் குடுக்கணும். தண்ணி ஒரு சொட்டுகூட ஆவாது, நெஞ்சுல எறங்கிடும்" என்றார் கலீமுல்லா. தோஸ்தின் மனைவியை அவர் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க சொன்னா சரி பாய்."

ஒன்றரை மாதம் அந்த அம்மாள் அந்தச் சொல்லை மீறவில்லை. ரஷீத் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினார்.

அப்போதுதான் ரஷீதின் மாமா ஹஜ்ஜிலிருந்து வந்தார். மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து கொண்டுவரும் ஜம்ஜம் தண்ணீரை வீடுவீடாகப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதலில் போகும். கூடம் நிறைய உறவினர்கள். மாமா கரண்டியைக் கலீமுல்லாவிடம் நீட்டினார்.

"அவன் உசுரக் காப்பாத்தினவன் நீ. உன் கையாலயே குடு."

திரைக்குப் பின்னாலிருந்து அக்தரி பேகம் கேட்டார்: "பாய், தண்ணி ஆவாதுன்னு சொன்னீங்களே?"

எல்லோரும் கலீமுல்லாவையே பார்த்தார்கள். கூழில் கலந்து கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அந்த நேரத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

"இது தண்ணியா பாபி? இது ஜம்ஜம்" என்றார்.

பிஸ்மி சொல்லி ஊற்றினார். ரஷீத் புரையேறித் துடித்தார். மறுநாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

கொடுத்துவைத்தவர், ஜம்ஜம் குடித்துவிட்டுப் போனார் என்றது ஊர். அக்தரி பேகமும் நன்றி சொல்லி அனுப்பினார். கலீமுல்லா அதன் பிறகு ஊசியைத் தொடவில்லை. திருப்பத்தூரிலிருந்து ஒருவன் பக்கவாதம் வந்த அப்பாவை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தபோது, அந்த வைத்தியம் தனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் தோல் வழித்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான். "தெரியாம நடந்துபோச்சு, வுடுங்க பாய்" என்றேன்.

"தெரியாமலா?" என்றார். "அந்தப் பொம்பள கேட்டாங்களே."