எங்கள் பக்கத் தகரம்

மந்திரி வருகிறார் என்று எங்களைத் தகரம் அடித்து மறைத்தார்கள். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியோரம், வீதியை விடப் பள்ளமான ஒரு வெறுங்காணியில் நாங்கள் இருந்தோம். எல்லோரும் குடாவுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். சம்பூர், இலங்கைத்துறை, இடையிலுள்ள சின்னச் சின்ன ஊர்கள் என்று சண்டைக்கு ஓடி வந்தவர்கள். கம்பு நட்டு, மேலே தரப்பாள் போட்டு, பக்கத்துக்குக் கிடுகோ சாக்கோ கட்டியிருந்தோம். அந்தத் தரப்பாள் இரண்டு மாரி கண்டது. வெயிலில் காய்ந்து காய்ந்து கை பட்டாலே கிழிகிற பதத்துக்கு வந்திருந்தது.

நான் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். அத்தான் ஊரில் வள்ளம் வைத்திருந்தவர். இங்கே அவருக்குக் கடலில் இறங்க அனுமதி இல்லை. துறைமுகப் பக்கம் மூட்டை தூக்கப் போவார், வேலை கிடைத்த நாளில் கொஞ்சம் சிரித்த முகத்தோடு வருவார். அக்காவின் முதல் பிள்ளை முந்தின மாரியில் பிறந்து, அந்த ஈரத்துக்குள்ளேயே சளி கட்டிச் செத்துப் போனது. நான் சொல்லுகிற நேரம் அக்கா இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். வீடு வீடாக வருகிற மருத்துவிச்சி ஒருநாள் குனிந்து எங்கள் கொட்டிலுக்குள் வந்து மேலே பார்த்தார்.

"இதுக்குள்ளயா திரும்பவும் பிள்ளையைக் கொண்டு வரப்போறீங்கள்? ஒரு மூலையாவது நனையாம வச்சிருங்கோ."

"ஓம் மிஸ்" என்றாள் அக்கா. அவர் போன பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். "எந்த மூலையை?" என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் ஆட்சிக்கு வந்த கட்சி எங்கள் நிவாரணத்தை வெட்டியது. தேர்தலுக்கு முதல் எங்கள் சாக்குப் படங்கை விலக்கிக் குனிந்து உள்ளே வந்து, எங்கள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த கட்சி அது. வென்றதும் அரிசியைப் பாதியாக்கியது. ஏன் என்று கேட்டால், இப்போது அமைதி தானே, ஊருக்குத் திரும்பிப் போகலாம் தானே என்றார்கள். எங்கள் ஊருக்குப் போகிற வீதியில் முள்ளுக்கம்பி போட்டு மறித்திருந்தவர்களும் அவர்கள்தான். தந்த பாதி அரிசியிலும் வண்டு ஓடியது. மாடு தின்னாததை மனுசருக்குத் தந்தார்கள்.

அப்போதுதான் மந்திரி வருகிற கதை வந்தது. எங்களைத் தாண்டி வீதியின் கடைசியில் ஏழைகளுக்கு வீட்டுத் திட்டம் என்று அடிக்கல் நாட்டப் போகிறார், எங்கள் வீதியால்தான் போவார். பக்கத்துக் கொட்டிலில் இலங்கைத்துறை மாமி ஒருவர் இருந்தார். சொந்த மாமி இல்லை, இருந்தாலும் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். வாய் பெரிய மனுசி. அவர் குழாயடியில் நின்று சொன்னார்:

"கத்தவும் வேணாம், கல்லெறியவும் வேணாம். ஆளுக்கொரு வெறுஞ்சட்டியைக் கொண்டு வீதிக்கரையில நிப்பம். சட்டியைப் பாத்திட்டுப் போகட்டும்."

"துவக்குக்காரன் சட்டியோட சேத்து எங்களையும் கவுத்துப் போடுவான் மாமி" என்று ஒரு பெடியன் சுடுகிற மாதிரிக் கையைக் காட்டிச் சொன்னான்.

"கவுத்தா கவுக்கட்டும். உள்ளுக்க கொட்டுறதுக்கு என்னடா இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்தாலும் நிற்பதென்று முடிவாகிவிட்டது. அத்தான்கூட ஓம் என்றார். பயந்த மனுசன் அவர்.

இரண்டு நாள் கழித்து லொறியில் கம்பும் தகரமும் வந்து இறங்கின. எல்லாம் புத்தம் புதுத் தகரம், பார்த்தால் கண் கூசும். கட்சி ஆட்கள் வீதிக்கரையில் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே போகிற மாதிரி எங்கள் காணி நீளத்துக்கும் அடித்துக்கொண்டு போனார்கள். வீதிப் பக்கத்தில் மந்திரியின் படத்தை வரிசையாக ஒட்டினார்கள். தண்ணீர்க் குழாய் வீதிப் பக்கம் போய்விட்டது. வாளியோடு போய் வர ஒரு இடைவெளி மட்டும் விட்டார்கள்.

நாங்கள் விடவில்லை. பெண்கள்தான் முதலில் போனோம். "நாங்கள் என்ன குப்பையா?" என்று நான் கம்பைப் பிடித்து ஆட்டினேன். கம்பு நட வெட்டியிருந்த குழிக்குள்ளேயே மாமி இறங்கி நின்றுகொண்டார். சத்தம் கூடியதும் கட்சியின் அமைப்பாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல தமிழ், எங்களைப் போன்ற ஒரு முகம். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"அம்மா, ஏன் இந்தச் சத்தம்? நாலு நாளைக்குத்தானே. பெரிய ஆள் வந்து போகட்டும். அதுக்குப் பிறகு இந்தத் தகரம் எங்க போகப்போகுது? உங்கட கூரையைப் பாக்கிறன்தானே நான்."

அவ்வளவுதான் சொன்னார். தருகிறேன் என்று கூடச் சொல்லவில்லை. ஆனால் எங்களுடைய காதில் அது தருகிறேன் என்றுதான் விழுந்தது. சத்தம் அப்படியே அடங்கியது. ஆட்டிய கம்பை நான் விட்டேன். மாமியும் குழியை விட்டு ஏறிவிட்டார்.

அன்று பின்னேரமே தகரத்தைப் பங்கு போடத் தொடங்கிவிட்டோம். யாருடைய கொட்டிலுக்கு நேரே நிற்கிறதோ அது அவருடையது என்றார் ஒருவர். அப்படியென்றால் பின்வரிசைக்காரர் எங்கே போவது என்று மற்றவர் கேட்டார். பெரிய சண்டை. கடைசியில் மாமிதான் தீர்த்து வைத்தார்: எல்லோருக்கும் சமன், பிள்ளைத்தாய்ச்சி என்றபடியால் அக்காவுக்கு மட்டும் ஒன்று கூட. அத்தான் வள்ளத்துக்குப் பூசுகிற தார் கொஞ்சம் எங்கோ இருந்து கொண்டு வந்தார். தகரத்தின் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு குறி வைத்தது. மாமி ஒரு சட்டி கீறினார். எங்களுடையதில் நான் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற ஏணை ஒன்று கீறினேன். மேலே ஒரு கோடு, அதில் தொங்குகிற மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். அக்கா வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தார் காயட்டும், தொடாதை" என்று என்னைப் பேசினாள்.

அதற்குப் பிறகு நாங்கள்தான் அந்த வேலிக்குக் காவல். எங்களை மறைக்கிற வேலியை நாங்களே காத்தோம். பிள்ளைகள் பந்தடிக்கப் போனால் துரத்தினோம். ஆடு உரசினால் அடித்தோம். ஒருநாள் விடிய எழும்பிப் போனால் வீதிப் பக்கத்தில் மந்திரியின் முகங்களில் யாரோ சேறு அள்ளி எறிந்திருந்தார்கள். எங்களைப் போல வயிறெரிந்த யாரோதான். பார்த்ததும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தகரம் போய்விடும் என்ற பயம்தான் வந்தது. குழாயில் அரை மணி நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை ஊற்றி, என் பாவாடைத் துணியால் அந்தாளின் முகத்தைத் துடைத்தேன். கண், மூக்கு, மீசை எல்லாம். எனக்குப் பக்கத்தில் மாமியும் ஒரு முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ர மனுசனுக்குக்கூட இப்பிடிக் குளிக்க வாத்ததில்ல" என்றார்.

வெறுஞ்சட்டிக் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெடியன் மட்டும் ஒருநாள், "அப்ப நாங்கள் நிக்கிறதில்லையோ?" என்று கேட்டான். "வாயை மூடு, உன்ர கொம்மா நனையிறது உனக்குச் சந்தோசமோ?" என்று அத்தான் ஏசினார். அத்தான் யாரையும் ஏசி நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

மந்திரி வருவதற்கு முதல் நாள் அக்காவுக்கு நோவு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. வார்டுக்குள் விட்டதும் அக்கா கேட்ட முதல் கதை, "தகரம் நிக்குதா?"

மறுநாள் விடியவே வேலியின் இடைவெளியையும் அடைத்துவிட்டார்கள். துவக்கோடு ஆட்கள் வெளியே நின்றார்கள். தண்ணீருக்கும் போக ஏலாது, வேலைக்கும் போக ஏலாது. தகரத்துக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தோம். வாகனங்கள் போகிற சத்தம் கேட்டது. எது மந்திரியுடையது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பிறகு ஒலிபெருக்கியில் பேச்சு. அவர் பேசிய பாஷை எங்களுக்கு விளங்கவில்லை. ஒருவர் இடைக்கிடை தமிழில் சொன்னார்: இந்த மாவட்டத்தில் கூரையில்லாத ஒரு ஏழையையும் தன்னுடைய அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இராதாம்.

"எப்பிடிப் பாக்கிறது? அதுக்குத்தானே தகரம் அடிச்சிருக்கு" என்றார் மாமி. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்கள்.

மந்திரி போன பிறகு இடைவெளியைத் திறந்துவிட்டார்கள், தகரம் அப்படியே நின்றது. வானம் மாரிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் தகரத்தை யார் கழற்றுவது, எப்போது கழற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்களாகத் தொட்டால் கரைச்சல் என்று தொடாமல் இருந்தோம். பெரிய மரியாதைக்காரர் நாங்கள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அக்காவை வீட்டுக்கு விட்ட நாள் காலை அத்தான் அவளைக் கூட்டி வரப் போனார். நான் கொட்டிலின் ஒரு மூலையைக் கூட்டி, மண் போட்டு உயர்த்தி, ஏணை கட்டக் கம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் லொறி வந்தது. இறங்கிய ஆட்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஆணி பிடுங்கத் தொடங்கினார்கள். பிடுங்கித் தருவார்கள் என்று முதலில் நினைத்தோம். ஒரு கிழவர் ஓடிப்போய்க் கீழே பிடித்துக்கூடக் கொடுத்தார். தகரம் லொறியில் ஏறத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

"எங்க கொண்டுபோறியள்? இது எங்களுக்கு" என்றார் மாமி.

"எங்களுக்குத் தெரியாதும்மா. ஏத்தச் சொன்னாங்க, ஏத்துறம்" என்றார் லொறிக்காரர். கிண்ணியாப் பக்கத்து மனுசன், கூலிக்கு வந்தவர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அமைப்பாளர் ஐயா சொன்னவர்."

"அவர்தான் என்னை அனுப்பினவர்."

எங்கள் ஏணைத் தகரத்தை இருவர் தூக்கினார்கள். நான் ஓடிப்போய் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டேன். இதை மட்டும் விடுங்கள், பச்சைப் பிள்ளை வருகிறது என்றேன். அவர்கள் இழுத்தார்கள், நானும் இழுத்தேன். வீதியில் நின்ற துவக்குக்காரன் ஒருவன் இரண்டு அடி எங்கள் பக்கம் எடுத்து வைத்தான். வேறொன்றும் செய்யவில்லை. என்னோடு பிடிக்க வந்தவர்கள் கையை எடுத்தார்கள். நான் கொஞ்ச நேரம் தனியே பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வெட்டுப்பட்டு இரத்தம் வந்ததும் விட்டேன். விடாமல் என்ன செய்ய?

அக்கா ஓட்டோவில் வந்து இறங்கியபோது கடைசித் தகரம் ஏறிக்கொண்டிருந்தது. துண்டில் சுற்றிய பிள்ளையோடு வீதியில் நின்று லொறியைப் பார்த்தாள், பிறகு கம்புக் குழிகளைப் பார்த்தாள். இரண்டாம் நாள் மாரி பிடித்தது. நானும் அக்காவும் மாறி மாறிப் பிள்ளைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு இருந்தோம், கொட்டிலுக்கு உள்ளே. மாமி தன்னுடைய தரப்பாளில் பாதியைக் கிழித்துக் கொண்டுவந்து எங்கள் கூரைக்கு மேலே போட்டுவிட்டு, அவர் சாக்குக்குள் படுத்தார். பிள்ளை தப்பியது. ஆனால் மழை இருட்டினாலே அதற்கு மூச்சு முட்டு வந்துவிடும். நெஞ்சு உள்ளே போய்ப் போய் வரும். நாங்கள் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அடுத்த மாரிக்குள் எங்கள் நிவாரணத்தை முழுதாக நிறுத்திவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் அமைப்பாளரைப் போய்ப் பார் என்றார்கள். போனேன். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சனம் வந்து காத்திருக்க என்று புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். சனம் இருக்க நீள வாங்குகள், மூலையில் இரண்டு கதிரைகள், சுவரில் மந்திரியின் படம். நான் துடைத்த அதே முகம். என்னைப் போலப் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நல்ல மழை. கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் கதைப்பது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஒரு துளி உள்ளே வரவில்லை.

மேலே பார்த்தேன். மூலைக் கதிரைக்கு மேலே மாமியின் சட்டி. இரண்டு தகரம் தள்ளி, என் தலைக்கு நேரே, எங்கள் ஏணை. தலைகீழாகப் போட்டிருந்தார்கள். தார் கொஞ்சமும் அழியவில்லை.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். "அக்கா, அது எங்கட தகரம். நான் கீறினது."

அந்தப் பெண் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மெல்லக் கதையும் பிள்ளை" என்றாள். "உள்ளுக்குக் கேட்டா உன்னையும் பாக்கமாட்டார், எங்களையும் பாக்கமாட்டார்."

உள்ளே இருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அது நான் இல்லை. எழும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. போனால் அரிசி இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் தகரத்துக்குக் கீழே நனையாமல் இருந்தேன்.