மைத்துனருக்கு வந்த வியாதி

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர் அவர். வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். டாக்டர் முன்னால் மட்டும் அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது.

"எனக்கில்லீங்க, என் மச்சானுக்கு. படுக்கையில விறைப்பு வரமாட்டேங்குதாம்."

"ரத்தக்குழாய்க் கோளாறா இருக்கலாம். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துட்டுத்தான் மாத்திரை தருவேன். அவரைக் கூட்டிட்டு வாங்க."

வேறு வழியில்லாமல், மனைவியின் தம்பியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் ஏலக்காரர். அக்காவின் வாழ்க்கையாயிற்றே என்று அந்தப் புண்ணியவானும் வந்து, டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவனுக்கு எக்கச்சக்கமாகச் சர்க்கரை. அதற்கும் இதற்கும் சேர்த்தே மாத்திரை எழுதினார் டாக்டர்.

வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஏலக்காரர் கையை நீட்டினார். "கொடுடா."

மைத்துனன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். "டாக்டர் யாருக்கும் தரக்கூடாதுன்னாரு, மாமா. அதோட... எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான்."

ஏலக்காரர் மறுபடியும் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்.

"இப்ப யாருக்கு?"

"என் சகலைக்குங்க."

டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்தார். "சரி, சகலையோட கையை இப்படி நீட்டுங்க."