வெடிக்காத பருத்திக் காய்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். வேளாண் அதிகாரி மலையூர்களில் நடத்தும் பருத்திப் பயிற்சிக்கு இளைஞர்களைச் சேர்ப்பது என் வேலை. என் பேச்சை நம்பி, மஞ்சக்குட்டையில் செல்வி என்ற பெண் சாமையை விட்டுப் பருத்தி போட்டாள். மலைப் பனியில் காய்கள் வெடிக்காமல் அழுகின.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கறுத்த காய்களை என் மேஜைமேல் கொட்டினாள்.

"ஏனுங்க, அடிவாரத்துல பருத்தி போட்டவருதானுங்களே நீங்க? பனிக்குக் காய் வெடிக்காதுன்னு தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. அதிகாரிகிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"பாவம், மாப்பிள்ளை வெக்கப்படறாருடா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"உங்க கூச்சத்துக்கு எங்க ஊட்டுச் சோறுதான் கெடச்சுதுங்களா?"

எல்லோரும் எழுந்து போனார்கள். கூச்சத்தை அதுவரை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் பக்கத்து மலையூரான நாகலூரில் நடந்த கூட்டத்தில், அதிகாரி பேசுமுன் அந்தக் காய்களை எடுத்துக் காட்டினேன்.